மணிச் சத்தத்தைத் தின்ற மென்பொருளும் ஒரு மோனோ தட்டும்

மூன்று வாரமாக என்னை அலைக்கழித்த, அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பியின் இசைத்தட்டைக் கணினியில் ஏற்றிச் சுத்தம் செய்யும் வேலை நேற்று ராத்திரி ஒருவழியாக முடிந்தது. முடிந்தது என்றால், முதல் பக்கம் மட்டும்.

'மெரி கிறிஸ்துமஸ்', 1955-இல் வந்த 12 அங்குல எல்பி, மோனோ (ஸ்டீரியோ மாதிரி இடது, வலது என்று வேறு வேறு ஒலி கிடையாது). விற்றவர் 'புதுசு மாதிரி' என்று எழுதியிருந்தார். விளக்கடியில் சாய்த்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது லட்சணம். கிறிஸ்துமஸ் தட்டுகளின் தலையெழுத்து அப்படி. பதினோரு மாதம் அலமாரியில் தூங்கும், டிசம்பரில் ஓய்வே இருக்காது, வீட்டுக்கு வந்த அத்தனை பேர் கையும் படும். இரண்டு முறை கழுவினேன். அழுக்கு போனது, கீறல் எங்கே போகும்?

சரி, கணினியில் ஏற்றியபின் டிக் சத்தங்களை மென்பொருளை வைத்தே எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மற்றத் தட்டுகளுக்கு அப்படித்தான் செய்கிறேன், குறையொன்றும் இல்லை. கிறிஸ்துமஸ் இசையில்தான் வினை. திடீரென எழும் ஒலியைத்தான் அது 'டிக்' என்று பிடிக்கிறது. சறுக்குவண்டிச் சலங்கையும் முக்கோண மணியும் செலஸ்டாவும் (பியானோ மாதிரி வாசித்தால் மணிபோல் ஒலிக்கும் கருவி) அப்படித்தான் எழும். கீறல் ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் செத்துவிடும், மணி மெதுவாகக் கரையும். காதுக்குத் தெரியும் இந்த வித்தியாசம் அந்தப் புண்ணியவானுக்குத் தெரியாது. அளவைக் கூட்டினால் மணியின் முனை மழுங்கி, துணி சுற்றிய டம்ளரைத் தட்டினமாதிரி ஆகிறது. குறைத்தால் கீறல் அப்படியே நிற்கிறது.

இதில் ஒரு அசட்டுத்தனமும் செய்தேன். 'வைட் கிறிஸ்மஸ்' பாட்டை கிராஸ்பி 1942 மே மாதம் பதிவு செய்தார். மறுபடி மறுபடி அச்சடித்து மூல அச்சு தேய்ந்துபோக, 1947 மார்ச்சில் அதே பாட்டை முடிந்தவரை பழையபடியே திரும்பப் பாடினார். நாம் கேட்டு வளர்ந்தது பெரும்பாலும் அந்த இரண்டாவதுதான். முன்னிசையில் புல்லாங்குழலும் செலஸ்டாவும் கேட்டால் 1947. என் கோப்பில் செலஸ்டா கேட்கவில்லை! 1942 பதிவு கையில் சிக்கிவிட்டது என்று இரண்டு நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன். மூன்றாம் நாள், சுத்தம் செய்யாத மூலக் கோப்பைப் போட்டுக் கேட்டால் செலஸ்டா அழகாக உட்கார்ந்திருக்கிறது. இரைச்சலைக் குறைக்கிறேன் என்று நான்தான் அதை வழித்தெடுத்திருக்கிறேன். புல்லாங்குழல் அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆசை காதை மறைத்துவிட்டது.

அந்த எரிச்சலில்தான் உருப்படியான வழி கிடைத்தது. மோனோ தட்டில் பள்ளத்தின் இரு சுவரிலும் இருப்பது ஒரே இசை. கீறலும் தூசியும் ஒவ்வொரு சுவரிலும் வேறு வேறாக விழும். ஆகவே ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் பாகம்) இரண்டு சேனலாகப் பதிந்து, ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டினால் இசை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிஞ்சுவது குப்பை மட்டும். மணி கிடையாது, கிராஸ்பி கிடையாது, வெறும் டிக் டிக். அதையே வரைபடமாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூலத்தில் வேலை செய்கிறேன். இடது சுவரில் கீறல் இருந்தால் அந்த நொடித்துணுக்கை வலது சுவரிலிருந்து எடுத்து ஒட்டுகிறேன். மென்பொருள் எதையும் ஊகித்து நிரப்ப வேண்டியதில்லை, ஒட்டுவதும் அதே இசைதான்.

சொல்லும்போது சுலபம். முதல் தடவை கழித்துப் பார்த்தபோது கிராஸ்பி பக்கத்து அறையில் நின்று பாடுவதுபோல் கேட்டுக்கொண்டேயிருந்தார். இரண்டு சேனலும் சம அளவில் இல்லை. இடதுபக்கம் 0.4 டெசிபல் தூக்கல். பத்தில் ஒரு டெசிபலாகக் குறைத்துக்கொண்டே வந்தேன், 0.4-இல் குரல் டக்கென்று காணாமல் போனது. ஆனால் 'ஸ்' ஒலிகள் மட்டும் எச்சில் தெறிப்பதுபோல் நின்றன. கார்ட்ரிட்ஜ் மயிரிழை சாய்ந்திருந்தது. நேராக்கத் திருகைத் தொட்டு, பதிந்து, கழித்து, கேட்டு, மறுபடி தொட்டு... ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. பக்கத்தின் கடைசிப் பாட்டில் இன்னும் கொஞ்சம் கசிகிறது. வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் நொடிக்கு ஏறக்குறைய 51 செ.மீ. ஓடும் தட்டு, உள் ஓரத்தில் 21 செ.மீ.தான் ஓடுகிறது. அந்த இடத்தில் என் ஊசி தடுமாறுகிறது. நீள்வட்ட முனை ஊசி வாங்கினால் சரியாகும் என்று மனசு சொல்கிறது, பர்ஸ் கேட்கவில்லை.

இந்த வித்தை ஸ்டீரியோவில் செல்லாது என்பதுதான் வருத்தம். பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் 1960 கிறிஸ்துமஸ் தட்டு ஸ்டீரியோவாக வைத்திருக்கிறேன், அதில் கைவேலைதான் கதி. பாடகர் நாட் கிங் கோல் விஷயம் வேறு மாதிரி எரிச்சல். 1960-இல் 'தி மேஜிக் ஆஃப் கிறிஸ்மஸ்' என்று வந்த தட்டில் ஒரு பாட்டை எடுத்துவிட்டு, 1961-இல் பதிந்த 'தி கிறிஸ்மஸ் சாங்' பாட்டைச் சேர்த்து, 1963-இல் அதையே தலைப்பாக்கி மறுபடி விட்டார்கள். என்னிடம் இருப்பது பிந்தையது. விட்டுப்போன ஒரே ஒரு பாட்டுக்காக இன்னொரு தட்டா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், இன்னொரு தட்டுதான்.

அடுத்து வாங்க நினைப்பது இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் 1963 கிறிஸ்துமஸ் தட்டு. கென்னடி சுடப்பட்ட அதே நவம்பர் 22 அன்று வெளிவந்தது, அந்த வருஷம் யாருக்கும் கொண்டாடும் மனநிலை இல்லை. முழுக்கச் சலங்கை, ஆனால் மோனோ! அதை நினைத்துத்தான் இத்தனை பயிற்சியும். கிராஸ்பியின் 1942 பதிவு அந்தக் காலத்துத் தட்டிலேயே வேண்டுமென்றால் 1947-க்கு முந்தைய 78 தட்டுகளை (நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுபவை) தேட வேண்டும். அவை அரக்குத் தட்டுகள், ஆல்கஹால் பட்டால் கரையும், தடித்த ஊசி வேண்டும், என் டர்ன்டேபிளில் 78 வேகமே இல்லை. இருந்தும் இரண்டு இடத்தில் விசாரித்து வைத்திருக்கிறேன்.

இன்று இரவு இரண்டாம் பக்கம். கழித்துப் பார்த்தாகிவிட்டது. 'ஜிங்கிள் பெல்ஸ்' ஒன்றில் மட்டும் 41 டிக். 'சில்வர் பெல்ஸ்' கோப்பை இன்னும் திறக்கவில்லை.