பச்சை முடிகிற இடம்: கெய்ரோவிலிருந்து அஸ்வான் வரை

எகிப்துக்குப் போகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். கெய்ரோவிலிருந்து தெற்கே இருக்கும் அஸ்வானுக்கு விமானத்தில் போகாதீர்கள், இரவு ரயிலும் வேண்டாம். பகல் ரயிலில் ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். ஏறக்குறைய 880 கிலோமீட்டர், முதுகு வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த நாட்டு மக்கள் எங்கே வாழ்கிறார்கள், ஏன் அங்கே மட்டும் வாழ்கிறார்கள் என்பதை அந்த ஜன்னல் காட்டிவிடும்.

வரைபடத்தில் எகிப்து ஒரு பெரிய சதுரம். 10 லட்சம் சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப் போல் ஏழு மடங்குக்கும் மேல். மக்கள்தொகை 2020-லேயே 10 கோடியைத் தொட்டுவிட்டது. அவர்களில் 95 சதவீதம் பேர் வாழ்வது மொத்த நிலத்தில் சுமார் 5 சதவீதத்துக்குள். நைலின் இரு கரைகளும், கெய்ரோவுக்கு வடக்கே ஆறு இரண்டாகப் பிரிந்து கடலில் கலக்கும் டெல்டாவும்தான் மக்கள் வாழும் எகிப்து.

கெய்ரோவைத் தாண்டியதும் கோதுமை, மாட்டுத் தீவனம், பேரீச்சை மரங்கள், வாய்க்கால், கழுதை வண்டி என்று பச்சையாகவே ஓடிக்கொண்டிருக்கும். தெற்கே போகப் போகக் கரும்பு. அந்தப் பச்சைக்குப் பின்னால் எப்போதும் ஒரு பழுப்புச் சுவர் நிற்கும். அது பாலைவனத்தின் விளிம்பு. சில இடங்களில் சுவர் தூரத்தில் விலகி நிற்கிறது. வழியில் வரும் எட்ஃபு ஊரைத் தாண்டியபின் கிட்டே வந்து ஆற்றையே உரசுகிறது. ஒரு காலை வயலிலும் மறுகாலை மணலிலும் வைத்து நிற்கலாம், அவ்வளவு துல்லியமான எல்லை. நீர் ஏறிய இடம் வரை ஊர், அதற்கு மேல் ஒன்றுமில்லை. பழைய எகிப்தியர்கள் கல்லறைகளைப் பெரும்பாலும் பாலை விளிம்பில் வைத்ததும் எனக்கு அங்கேதான் விளங்கியது. விளைநிலத்தில் செத்தவர்களுக்கு இடம் ஒதுக்கக் கட்டுப்படியாகாது.

இங்கே மழையை நம்பி யாரும் விதைப்பதில்லை. அஸ்வானில் வருடக்கணக்கில் மழையே இல்லாமல் போவதுண்டு. அஸ்வானில் பெரிய அணை கட்டும் முன் நைலில் வருடாவருடம் வந்த வெள்ளம் முக்கியமாக எத்தியோப்பிய மலைகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழையால் வந்தது. குடகில் பெய்த மழைக்குக் காவிரிக்கரையில் ஆடிப்பெருக்கு கொண்டாடும் நமக்கு இது சொல்லாமலே புரியும். கெய்ரோவில் ரோடா தீவில் 861-ஆம் ஆண்டு கட்டிய நைல் அளவுமானி இன்னும் இருக்கிறது. கிணறு போல இறங்கும் பள்ளத்தின் நடுவே அளவு பொறித்த ஒரு தூண். வெள்ளம் எந்தக் கோட்டைத் தொட்டதோ, அதைப் பார்த்து அந்த வருட வரியை முடிவு செய்தார்கள். தாழ்ந்து போனால் பஞ்சம், மிஞ்சிப் போனால் ஊர் அழிவு.

செங்கடல் கரைக்கும் ஒரு வார்த்தை. தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்த குசைர் அல் காதிமும் பெரெனிகேயும் அங்கேதான் இருக்கின்றன. நம் ஊர் மிளகு வந்து இறங்கிய துறைகள். சரக்கு ஒட்டகத்தில் ஏறிப் பாலைவனம் கடந்து நைல் கரைக்குப் போனது. அந்தக் கரையில் ஆறு இல்லை, வணிகம் நின்றதும் ஊரும் நின்றுபோனது.

1970-இல் அஸ்வான் உயர் அணை கட்டி முடிந்தபின் வெள்ளம் அடங்கியது. அதுவரை டெல்டாவிலும் பள்ளத்தாக்கிலும் கிராமங்கள் மேட்டில்தான் இருந்தன. பயம் போனதும் வீடுகள் வயலுக்குள் இறங்கின. வண்டலும் அணைக்குப் பின்னாலேயே தங்கிவிட்டது. இருந்த மேல்மண்ணையும் வெட்டிச் செங்கல் சுட்டார்கள். 1980-களில் அதற்குத் தடை வந்தது, ஆனால் வயலில் வீடு கட்டுவது நிற்கவில்லை. ரயிலிலிருந்து பார்த்தால் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும் செங்கல் கட்டடங்கள் நல்ல கறுப்பு மண்ணின் மீதே எழும்புகின்றன. எனக்கு வயிற்றைக் கலக்கியது. சோறு போடும் அந்தக் குறுகிய பட்டையை வீடே தின்றால் அடுத்த தலைமுறை எங்கே விதைக்கும்? பாலைவனத்தில் புது நகரங்கள் எழுப்புவதை அதனால் நான் குறை சொல்ல மாட்டேன். கெய்ரோவுக்குக் கிழக்கே சுமார் 45 கிலோமீட்டரில் புதிய தலைநகரே எழுகிறது. ஆனால் அங்கும் குழாயில் போக வேண்டியது நைல் தண்ணீர்தான்.

அஸ்வானில் ஒரு நூபியக் குடும்பத்தின் வீட்டில் தங்கினேன். அஸ்வானுக்குத் தெற்கே நைல் கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்கள் நூபியர்கள். வாசலில் தேநீரோடு உட்கார்ந்திருந்த பெரியவர் பேச, பேத்தி ஆங்கிலத்தில் சொன்னாள். அணையின் நீர் தேங்கப் போகிறது என்று 1963-64-இல் எகிப்திய நூபியர்கள் சுமார் 50,000 பேரை அஸ்வானுக்கு வடக்கே உள்ள கோம் ஓம்போவுக்குக் கொண்டுபோனார்கள். ஊர்களுக்குப் பழைய பெயர்களையே வைத்தார்கள். பெயர் வந்தது, ஆறு வரவில்லை. வீடுகள் கரையிலிருந்து தள்ளி, வரிசை வரிசையாக. "நாங்கள் நடக்கும் முன்னே நீந்தினோம் மகனே. அங்கே பிறந்த என் தம்பி பிள்ளைகளுக்கு நீச்சலே தெரியாது" என்றார் பெரியவர்.

அதே நீரிலிருந்து, பழைய எகிப்தியர்கள் பாறையைக் குடைந்து கட்டிய அபு சிம்பல் கோயில்களைக் காக்க உலகமே காசு போட்டது. 1964 முதல் 1968 வரை அவற்றைத் துண்டு துண்டாக அறுத்து, பழைய இடத்தைவிட 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் அடுக்கினார்கள். போய்ப் பார்த்தேன், வியந்தேன், மறுக்கவில்லை. ஆனால் கல்லுக்கு, அணை நீர் தேங்கி உண்டான அந்த ஏரியின் கரையிலேயே இடம் கிடைத்தது, ஆட்களுக்குக் கிடைக்கவில்லை. நூபியர்கள் தங்கள் பழைய பகுதிகளுக்குத் திரும்பப் பத்தாண்டுகளுக்குள் வழி செய்வதாக 2014 அரசியல் சட்டத்தின் 236-ஆவது பிரிவு சொல்கிறது. கெடு தாண்டிவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் இன்னும் கோம் ஓம்போ பக்கம்தான் இருக்கிறார்கள். ஏரிக்கரையில் அவர்களுக்கு நிலம் கொடுக்க வேண்டும்.