பதின்மூன்று ஜிபிக்காக ஒரு சனிக்கிழமை

மகள் ஆறாம் படிவம் படிக்கிறாள். அவளுக்காக ஈப்போவில் வாங்கிய பழைய லேப்டாப்பில் 128 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க். விண்டோஸ் அதை 119 என்றுதான் காட்டும். அதிலும் சி டிரைவுக்குக் கிடைத்தது 105. வாரம் தவறாமல் இடம் நிரம்பி, "அப்பா, மறுபடியும் சிவப்புக் கோடு!" என்று குரல் வரும்.

டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று காட்டும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்த்தால், கடைசியில் 12.5 ஜிபி ரெக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸை மீட்க ஒதுக்கிய பகுதி) சும்மா கிடக்கிறது. சுங்கை சிப்புட்டில் ஒரு கடையில் கேட்டேன். "அதைத் தொட்டா மெஷின் போச்சு அங்கிள், புது டிஸ்க் போடுங்க" என்றார் அந்தத் தம்பி.

தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்தவனுக்கு நகல் எடுக்காமல் எதையும் கிழிக்க வராது. முதலில் 32 ஜிபி பென்டிரைவில், விண்டோஸை மீட்க உதவும் ரெக்கவரி டிரைவ் உருவாக்கினேன். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், அதிலிருந்த கோயில் திருவிழாப் படங்களை முன்பே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன். ஒன்றரை மணி நேரம் ஓடியது. வெளியே மழை வேறு; கரண்டு போனால் அந்தக் கிழட்டு பேட்டரி பத்து நிமிடம் தாங்காது. முடிந்ததும் பென்டிரைவிலிருந்து லேப்டாப் எழும்புகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.

ரெக்கவரி பார்ட்டிஷனை மவுசால் அழிக்க விண்டோஸ் விடாது. கட்டளை தட்டி வேலை வாங்கும் டிஸ்க்பார்ட்தான் வழி. அதில் ஐந்து பார்ட்டிஷன் தெரிந்தது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலோ நான்குதான், 16 எம்பி ஒன்று அங்கே கண்ணில் படாது. அதனால் எண்ணை நம்பாமல் அளவைப் பார்த்தே தேர்ந்தெடுத்தேன். 100 எம்பி உள்ளதில் கை வைத்தால் விண்டோஸே எழும்பாது. 'டிலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு' (override), என்டர். நிஜமாகவா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, போய்விட்டது.

சரி, முடிந்தது என்று சி டிரைவைப் பெரிதாக்கும் எக்ஸ்டெண்ட் வால்யூமுக்குப் போனால் அது மங்கிக் கிடக்கிறது! சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவே 990 எம்பியில் இன்னொரு ரெக்கவரி பார்ட்டிஷன். வலப்பக்கம் ஒட்டினாற்போல் காலியாக இருந்தால்தான் சி சேர்த்துக்கொள்ளும். இந்தச் சின்னதில்தான் விண்டோஸ் படுத்துவிட்டால் எழுப்பும் கருவிகள் இருக்கின்றன. 'ரீஏஜன்ட்சி டிஸேபிள்' கட்டளை கொடுத்தால் அந்தக் கருவிகள் அடங்கிய கோப்பு சி டிரைவுக்கு வந்துவிடும். அது வந்த பிறகே அழித்தேன். எக்ஸ்டெண்ட் உயிர் பெற்றது. பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் வசதி) போடாத மெஷின் என்பதால் சிக்கல் இல்லை. அப்புறம் 'ரீஏஜன்ட்சி எனேபிள்'. நிலை 'எனேபிள்ட்' என்று வந்த பின்தான் ஆறிப்போன தே ஓவைக் (பால் இல்லாத தேநீரை) குடித்தேன்.

இப்போது சி டிரைவ் 119. பென்டிரைவில் 'அழிக்காதே' என்று ஒட்டி, பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் டிராயரில் வைத்திருக்கிறேன். திருவிழாவுக்கு மகளிடம் வேறு பென்டிரைவ் கேட்க வேண்டும்.