குருணை வெள்ளையாக இருக்கும்போதே அள்ளிவிட வேண்டும்

"வெறும் பிளாஸ்டிக்தானே, விஷம் ஒன்றும் இல்லையே." குமரிக் கரையில் நர்டில், அதாவது பிளாஸ்டிக் பொருள்கள் செய்ய மூலப்பொருளாகும் குருணை, ஒதுங்கியதிலிருந்து இந்தப் பேச்சைப் பலர் வாயிலும் கேட்டுவிட்டேன். 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியது. 640 கன்டெய்னர்கள், அதில் 13இல் ஆபத்தான சரக்கு என்று செய்தி வந்ததும் எல்லாரும் அதில் இருந்த, தண்ணீர் பட்டால் தீப்பற்றும் வாயுவை விடும் கால்சியம் கார்பைடைப் பற்றியே பேசினார்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் சில நாட்களில் திருவனந்தபுரம் கரையிலும் அதற்குத் தெற்கே நம் கரையிலும் வந்து குவிந்தது பிளாஸ்டிக் குருணை. கப்பல் சரக்கு விதிகளில் அது ஆபத்தான பொருள் பட்டியலிலேயே இல்லை.

கையில் எடுத்துப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லாத மாதிரிதான் இருக்கும். 2 முதல் 5 மில்லிமீட்டர், பால் வெள்ளை, வழுவழுப்பு. ஏற்றத்தின்போது அலை வந்து நின்ற கோட்டில் பாசிக்கும் சிப்பி ஓட்டுக்கும் நடுவே கிடக்கும். மணலோடு அள்ளி வாளித் தண்ணீரில் போட்டால் மணல் கீழே போய்விடும், இது மட்டும் மேலே மிதக்கும். அன்றைக்கு அது விஷமில்லை என்று சொன்னால் பெரும்பாலும் சரிதான். நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடப்பதை.

சாம்பார் வைத்த பிளாஸ்டிக் டப்பாவை எவ்வளவு தேய்த்தாலும் மஞ்சள் போகாது, பார்த்திருப்பீர்கள். மஞ்சளின் நிறம் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். பிளாஸ்டிக்கும் கச்சா எண்ணெயிலிருந்து வந்ததுதான், அதனால் அதில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கடலில் நடப்பதும் இதேதான். பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் இருந்த பிசிபி, பூச்சிமருந்தாக அடித்த டிடிடி, எரிபொருள் எரிந்து வரும் பிஏஹெச், இந்த நச்சு ரசாயனங்கள் எதுவும் தண்ணீரில் தங்க விரும்புவதில்லை. குருணை கிடைத்தால் அதில் ஒட்டிக்கொள்ளும்.

தோக்கியோவில் ஹிதேஷிகே தகாதா என்ற பேராசிரியரின் குழு 2001இலேயே இதைக் காட்டிவிட்டது. புதிய குருணையைக் கடல்நீரில் 6 நாள் வைத்திருந்தார்கள், நாளுக்கு நாள் பிசிபி ஏறிக்கொண்டே போனது. ஜப்பான் கரைகளில் பொறுக்கிய குருணையில் இருந்த அளவு, சுற்றியுள்ள தண்ணீரில் இருப்பதைவிட பத்து லட்சம் மடங்கு வரை போனது. அப்புறம் இன்னொன்றையும் கவனித்தார்கள்: வெயில்பட்டு மஞ்சளாகிப்போன பழைய குருணையில் பிசிபி கூடுதலாக இருந்தது. அதாவது, இன்று அள்ளாமல் விட்டது நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே இருக்கிறது.

மீன் உடம்பில் இருக்கும் பிசிபி எல்லாம் பிளாஸ்டிக்கிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. தின்னும் இரை வழியாக வருவதுதான் அதிகம் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள், அதை நான் ஏற்கிறேன். ஆனால் பிளாஸ்டிக் தயாரிக்கும்போதே அதில் சேர்க்கும் ரசாயனங்கள் வேறு கதை. வட பசிபிக்கில் பிடிபட்ட 12 கடற்பறவைகளைத் தகாதாவின் குழு ஆராய்ந்து 2013இல் எழுதியது. அதில் 3 பறவைகளின் கொழுப்பில், தீப்பிடிக்காமலிருக்க பிளாஸ்டிக்கில் சேர்க்கும் புரோமின் ரசாயனம் இருந்தது. அவை தின்னும் மீனில் அந்த வகை இல்லை, வயிற்றில் கிடந்த பிளாஸ்டிக்கில் இருந்தது. இந்த மாதிரிப் பறவைகளின் வயிற்றில் இருக்கும் எண்ணெயே அதைக் கரைத்து வெளியே எடுத்துவிடுகிறது என்று பின்னால் தெரிந்தது. இதைப் படித்த பிறகும் "வெறும் பிளாஸ்டிக்" என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கொழும்பில் நடந்தது இன்னும் கொடுமை. 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது சுமார் 1,680 டன் குருணை கடலில் போனது. வெள்ளைக் குருணையோடு எரிந்து கருகிய கட்டிகளும் நீர்கொழும்புப் பக்கம் ஒதுங்கின. கருகியதில் இருந்த ரசாயனக் கலவை எரியாததைவிட சுமார் மூன்று மடங்கு சிக்கலானது என்று கண்டார்கள். 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு தர உத்தரவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் சர்வதேச கடல்சார் அமைப்பு 2024இல் கொடுத்தது வெறும் பரிந்துரைகள்தான்: நல்ல உறையில் கட்டுங்கள், முடிந்தவரை மேல்தளத்தில் ஏற்றாதீர்கள் என்று. கேட்டால் கேட்கலாம், கேட்காவிட்டால் ஒன்றுமில்லை. இவை கட்டாயமாக வேண்டும், குருணையை ஆபத்தான சரக்கு என்றே எழுத வேண்டும்.

அதுவரை கரையில் இருக்கிற நம்மால் ஆனது ஒன்று உண்டு. தகாதாவின் குழு 2005 முதல் உலகெங்கும் உள்ள கரைகளிலிருந்து குருணையைத் தபாலில் வாங்கிச் சோதித்து வந்திருக்கிறது. நூறு இருநூறு குருணை போதும், அலுமினியத் தாளில் மடித்துக் காகித உறையில் போட வேண்டும். குமரி மாவட்டக் கல்லூரிகளில் வேதியியல் படிக்கும் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒருமுறை ஒரே கரையில் இப்படிச் சேர்த்து வைத்தாலே போதும், என்ன ஏறியிருக்கிறது என்று வருஷவாரியாகச் சோதிக்க ஒரு வழி கிடைக்கும். பொறுக்கும்போது மஞ்சளானதை மட்டும் தனி உறையில் போடுங்கள்.