26ஆம் கால்: காரின் ஈசியூ சிப்பை மாற்றிய அனுபவம்

அப்பாவின் கார் சூடேறியதும் நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி கிளம்பும். சுங்கை சிப்புட்டிலிருந்து தோட்டத்துக்குப் போகும் செம்மண் பாதையில், பின்னால் வந்த செம்பனை லாரிக்கு ஒதுங்கக்கூட முடியாமல் இரண்டு முறை நின்றது. பட்டறை அண்ணன் பிளக், பம்ப், சென்சார் எல்லாம் பார்த்துவிட்டு, "கோளாறு எஞ்சினை இயக்குற கணினிப் பெட்டியில, ஈசியூலதான் தம்பி. ஹாஃப்கட் கடையில ஒண்ணு தேடிப் போட்டுக்கலாம்" என்றார். பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடை அது. அதே எண்ணுள்ள பெட்டி எங்கேயும் கிடைக்கவில்லை. சரி, திறந்துதான் பார்ப்போமே என்று பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மூடியைத் திறந்ததும் மீன் கவிச்சி. 1990களின் சர்க்யூட் பலகைகளைத் திறந்தவர்களுக்கு அந்த வாசம் தெரியும், கெப்பாசிட்டர் கசிந்திருக்கிறது. மூன்றையும் மாற்றினேன். அது ஒரு மணி நேர வேலைதான். ஆனால் கார் திருந்தவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கசிந்த திரவம் பலகைமேல் பூசிய வார்னிஷுக்கு அடியிலேயே ஊர்ந்து, 28 கால் மெமரி சிப்பின் ஒரு மூலையைப் பச்சையாக அரித்து வைத்திருந்தது.

அது 27சி256 வகைச் சிப். 32 கிலோபைட். எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும், எப்போது பொறி விட வேண்டும் என்ற கணக்கெல்லாம் அதற்குள்தான். சிப்பைத் தூக்கி எறிவதாக இருந்தால் கால்களை வெட்டி ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிடலாம். பலகைக்கு அதுதான் பத்திரம். எனக்கோ உள்ளே இருப்பது வேண்டும். அதனால் முழுதாகவே எடுக்க வேண்டியிருந்தது.

வார்னிஷைச் சுரண்டி, ஒவ்வொரு காலிலும் முதலில் புது ஈயம் ஏற்றினேன். பழைய ஈயம் தனியாக எளிதில் உருகாது, புதியது சேர்ந்தால் இளகும். 350 டிகிரியில் 27 கால்களும் ஈய உறிஞ்சிக்கு மசிந்தன. 14ஆம் கால் மட்டும் அசையவில்லை. அது தரைக் கால் (கிரவுண்ட்). அகலமான செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சூட்டையெல்லாம் குடித்துவிடுகிறது. பெரிய முனை மாட்டி, ஈயம் நன்றாக இளகி ஓட ஃப்ளக்ஸ் பசை தடவி, மூன்றாவது முறையில்தான் விட்டது. சிப் வெளியே வந்தது. ஆனால் அரிக்கப்பட்டிருந்த 26ஆம் கால் உடம்போடு ஒட்ட ஒடிந்துபோனது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

26 ஒரு முகவரிக் கால், எந்த இடத்திலிருந்து படிக்க வேண்டும் என்று சிப்புக்குச் சொல்லும் கால்களில் ஒன்று. அது இல்லாமல், சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் புரோகிராமர் கருவியில் வைத்து இரண்டு முறை படித்தேன். இரண்டும் வேறு வேறு. மறுநாள் நகவெட்டியின் அரத்தால் அந்த இடத்துப் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். கடுகில் பாதி அளவுக்கு உலோகம் மினுங்கியது. பழைய போன் வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையை அதில் பற்றவைத்து, மறு நுனியைப் புரோகிராமரின் சாக்கெட்டில் சொருகினேன். ஐந்து முறை படித்தேன். ஐந்தும் ஒரு பைட் பிசகாமல் ஒன்றாக இருந்தன. அந்தக் கோப்பை மூன்று இடங்களில் சேமித்த பிறகுதான் டீ குடித்தேன்.

புதுச் சிப்பாக ஜாலான் பாசாரில் வாங்கிய டபிள்யூ27சி512. மின்சாரத்திலேயே அழித்து எழுதலாம், புற ஊதா விளக்கு தேவையில்லை. இது 64 கிலோபைட், இரு மடங்கு. 1ஆம் கால் மேல் பாதியா கீழ்ப் பாதியா என்று தேர்ந்தெடுக்கும். எந்தப் பாதியைப் படித்தாலும் சரியாக வரட்டும் என்று அதே கோப்பை இரண்டு பாதியிலும் எழுதிவிட்டேன். பலகையில் நேரே பற்றவைக்காமல் சாக்கெட் போட்டேன். 26இன் தடம் பாதி அரித்திருந்ததால் அடியில் மெல்லிய வயர் ஒன்று ஓட்டினேன்.

சாவியைத் திருப்பியதும் செக் எஞ்சின் விளக்கு எரிந்து அணைந்தது. ஐடில் வேகம் நிமிடத்துக்கு 750 சுற்றில் நிலையாக இருந்தது. அப்பாவோடு கோல கங்சார் போய்த் திரும்பினோம், நண்பகல் வெயிலில், ஏசி போட்டுக்கொண்டு. எங்கும் நிற்கவில்லை. மூன்று வாரம் ஆகிறது. மழைக்காலத்துக்கு முன் அந்த மூலைக்கு மறுபடி வார்னிஷ் பூச வேண்டும். செம்பு இழையோடு இருக்கும் பழைய சிப்பை அலுமினியத் தாளில் சுற்றி, அப்பாவின் கார் எண்ணை மேலே எழுதி வைத்திருக்கிறேன்.