ஒரு நாள் நேராக, ஒரு நாள் தலைகீழாக: சஸ்டெயின் பெடல் படுத்திய பாடு

பழைய இசைக் கீபோர்டில் சஸ்டெயின் பெடல் (மிதித்திருக்கும்வரை, கீயிலிருந்து கையை எடுத்த பிறகும் ஸ்வரத்தை நீட்டித் தருவது) தகராறு செய்தால், கடைக்காரர் சொன்னார் என்பதற்காக உடனே மெயின் போர்டை மாற்றக் கொடுத்துவிடாதீர்கள். என்னிடம் அதற்கு 6,000 ரூபாய் கேட்டார்கள். கோளாறு இருந்ததோ பெடல் செருகும் ஜாக்கை போர்டில் பற்றவைத்திருக்கும் ஒரே ஒரு காலில்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய யமஹா பிஎஸ்ஆர் வகைக் கீபோர்டு அது. கீ, ஸ்பீக்கர் எல்லாம் நன்றாகவே இருந்தன. பெடல் மட்டும் சில நாள் ஒழுங்காக வேலை செய்யும், சில நாள் மிதிக்காமலே ஸ்வரங்கள் நீண்டுகொண்டே போகும். அந்த நேரத்தில் மிதித்தால் சத்தம் சட்டென்று அறுந்துவிடும். வாசித்துக்கொண்டிருக்கும்போதே மாறிய நாளும் உண்டு.

சர்வீஸ் கடையில் ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, "பெடல் போயிடுச்சு தம்பி, புதுசு வாங்கிக்குங்க" என்றார்கள். வாங்கினேன். அன்று மாலையே பழைய கதை. திரும்பப் போனால், "அப்போ மெயின் போர்டுதான்." மூடியைத் திறக்கவில்லை, மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. அதுதான் இன்னும் ஆறவில்லை.

ரிச்சி தெருவில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி நானே உட்கார்ந்தேன். பெடல் என்பது வெறும் சுவிட்ச்தான். பெடல் வயரின் முனையில் இருக்கும் 6.35 மி.மீ. பின்னின் நுனியில் ஒரு கம்பி, அடிப்பகுதியில் ஒரு கம்பி. மீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்து இரண்டையும் தொட்டுப் பார்க்கலாம். யமஹா பெடல் மிதிக்காதபோது பீப் அடிக்க வேண்டும், மிதித்தால் நிற்க வேண்டும். இதற்கு நேரெதிராக வேலை செய்யும் பெடல்களும் கடையில் கிடைக்கும், அதனால் பீப் எப்போது வருகிறது என்பதைவிட, மிதிக்கும்போது மாறுகிறதா என்பதே முக்கியம். வயரை நீளம் முழுக்க வளைத்துக்கொண்டே சோதியுங்கள். என் பழைய பெடலும் புதிய பெடலும் இரண்டுமே பிசிறில்லாமல் தேறின.

அப்புறம்தான் கையேட்டில் ஒரு வரி கண்ணில் பட்டது: பவர் போடும்போது பெடலை மிதித்திருக்கக் கூடாது, மிதித்திருந்தால் வேலை தலைகீழாகிவிடும். அதாவது, ஆன் செய்யும் நொடியில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே கீபோர்டு 'மிதிக்காத நிலை' என்று எடுத்துக்கொள்கிறது. நான் மிதிப்பதே இல்லையே? சரி, ஜாக்கில் தொடர்பு விட்டுப்போனால்? அந்த நொடியில் இணைப்பு அறுந்திருந்தால் அதுவே இயல்பு நிலை என்று பதிவாகும். பிறகு வயர் லேசாக அசைந்து தொடர்பு வந்ததும், யாரோ மிதித்துவிட்டார்கள் என்று நினைத்து சஸ்டெயினைப் போட்டுவிடும். பின்னை ஜாக்கிலேயே வைத்து மெல்ல ஆட்டினேன். ஆட்டத்துக்கு ஏற்ப சத்தம் நீண்டது, நின்றது. அந்த நிமிடம் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

எங்கள் தெரு டிவி மெக்கானிக் அண்ணன் திறந்து, லென்ஸ் வைத்துப் பார்த்த உடனே "டிரை சால்டர்" என்றார், அதாவது ஈயப் பற்று விட்டுப்போயிருக்கிறது. ஜாக்கின் காலைச் சுற்றி முடி போல ஒரு விரிசல். பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாக வைத்தார், கான்டாக்ட் கிளீனர் அடித்தார், முடிந்தது.

நீங்களே திறப்பதாக இருந்தால் அடாப்டரையும் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். ஸ்க்ரூக்களை எந்த இடத்தில் எதை எடுத்தோம் என்று தெரியும்படி வையுங்கள், நீளம் வேறுபட்டால் மாற்றிப் போட்டு பிளாஸ்டிக் உடையும். தட்டைக் கேபிள்களை இழுக்காதீர்கள். திறப்பதற்கு முன் மெனுவில் பேனல் சஸ்டெயின் (பெடல் இல்லாமலே ஸ்வரத்தை நீட்டும் அமைப்பு) ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது இருந்தாலும் சத்தம் நீளும். சோதனைக்கு கீபோர்டில் பியானோ ஒலியையே வையுங்கள். ஆர்கன் ஒலியில் பெடல் மிதித்திருக்கும்வரை சத்தம் குறையாமல் ஒலிப்பது இயல்புதான்.

பழைய கீபோர்டு வாங்கப் போகிறவர்கள் கையோடு ஒரு பெடலை எடுத்துப் போய், செருகி, பின்னை ஆட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். வயரை யாரும் காலால் இடறாதபடி ஸ்டாண்டில் கட்டிவிடுங்கள், ஜாக்கைக் கெடுப்பது அந்த இடறல்தான். 'போயிடுச்சு' என்று சொல்லப்பட்ட பழைய பெடலில்தான் இப்போது வாசிக்கிறேன். புதியதைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.