எக்ஸ்டெண்டட் எஸ்ஸே: புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. ஐபி டிப்ளோமா மாணவர்கள் ஒரு பாடத்தில் சொந்தமாக ஆய்ந்து எழுத வேண்டிய 4000 சொல் கட்டுரைதான் எக்ஸ்டெண்டட் எஸ்ஸே. வரலாற்றில் நான் எழுதியதற்கு ஏ கிரேடு. "எக்கனாமிக்ஸ் எடுத்தா டேட்டா ஈஸியா கிடைக்கும், ஹிஸ்டரி ரிஸ்க்" என்று பள்ளியிலும் அபார்ட்மென்ட்டிலும் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்ததால் நிம்மதி கொஞ்சம் அதிகம்தான். அடுத்து எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்காகச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். விதிமுறைகளை விளக்கப்போவதில்லை. 2027 முதல் மதிப்பீட்டு முறை மாறுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். சீனியர்களின் மார்க் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம்.

முதலில் கேள்வி. என் தாத்தா தங்கவயல்காரர், அதனால் ஊர் முன்பே முடிவாகிவிட்டது. ஆனால் கோலார் தங்கவயல் என்பது கேள்வி ஆகாது. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத் தொழிலைக் கையில் எடுத்தது, 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது (பெங்களூருக்கே 1905-ல்தான் வந்தது), 2001-ல் சுரங்கம் மூடியது என்று எல்லாவற்றையும் 4000 சொற்களில் அடைத்தால் விக்கிபீடியா பக்கம்தான் கிடைக்கும். நான் எடுத்தது ஒரே நிகழ்ச்சி: 1930 வேலைநிறுத்தம். தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் உத்தரவு அதற்கு எந்த அளவுக்குக் காரணம்? "எந்த அளவுக்கு" என்று கேட்டதுமே கூலி, ஒப்பந்தக்காரர் முறை, லைன் வீடுகள் (தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகள்) மீது கம்பெனிக்கு இருந்த பிடி எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து எடைபோட்டே ஆக வேண்டும். ஒவ்வொரு காரணமும் ஒரு பகுதி. பாதி பிளான் கேள்வியிலேயே வந்துவிட்டது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகு டிராஃப்ட் எழுதலாம் என்று காத்திருக்காதீர்கள். ஒரு பகுதிக்குத் தேவையானதைப் படியுங்கள். பிறகு புத்தகம், லேப்டாப், நோட்ஸ் எல்லாவற்றையும் மூடிவிட்டு வெள்ளைத்தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள். வருடம் மறந்துபோனால் ஒரு கட்டம் போட்டுவிட்டு மேலே போங்கள். "அதனால்" என்று எழுதிவிட்டு அடுத்த வார்த்தை வராமல் கை நிற்கும். அந்த இடத்தில் உங்களிடம் ஆதாரம் இல்லை, அல்லது வாதமே இல்லை. அதைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். அடுத்து நூலகத்துக்குப் போவது அந்த வட்டங்களுக்காக மட்டும்தான். பெங்களூர் கப்பன் பார்க் நூலகத்தில் மணிக்கணக்காகப் பக்கம் பக்கமாகக் காப்பி எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் போனால் அப்படித்தான் ஆகும்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. கண்ணெதிரே மூலம் இல்லாதபோது அதன் வாக்கியம் உங்கள் கட்டுரைக்குள் நுழையாது. காப்பி சோதனையைப் பற்றிப் பயப்படவே வேண்டியிருக்கவில்லை. மூடிய பக்கத்தைப் பிறகு திறந்து, சொன்னது சரியா என்று பார்த்துப் பக்க எண்ணைப் போட்டால் போதும். கூட்டத்தோடு உட்கார்ந்து பேசிப் பேசி எழுதுகிறவர்களுக்கு இது ஒத்துவருமா, சொல்லத் தெரியாது. எனக்குத் தனி அறையும் அமைதியும் வேண்டும்.

தாத்தா விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் வீட்டுப் பெரியவர்களைப் பேட்டி எடுக்க நிறையப் பேர் நினைக்கிறீர்கள். தாத்தா தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1930-ல் சுரங்கத்தில் இருந்தது அவருடைய அப்பா. "பத்து வெரலையும் மையில தோச்சு வைக்கச் சொன்னா அது திருடனுக்குச் செய்யறதுடா கண்ணு, அதான் எங்கப்பாவுக்குப் பொறுக்கல" என்றார். எழுதும்போது என் கை நடுங்கியது. ஆனாலும் இதை 1930-ல் நடந்ததற்கு நேரடிச் சாட்சியாக வைக்க முடியாது. அவர் கேட்டு வளர்ந்த கதை இது. அந்த அவமானம் ஒரு தலைமுறை தாண்டியும் குடும்பத்தில் நினைவிருக்கிறது என்பதற்கு இது சாட்சி. அந்த வேறுபாட்டை அப்படியே கட்டுரையில் எழுதினேன். கம்பெனி தரப்புக் காகிதத்துக்கும் இதே நியாயம்தான்: யார் எழுதியது, யாருக்காக, எதை விட்டுவிட்டார்கள்? அச்சில் இருப்பதால் மட்டும் அது தாத்தாவின் பேச்சைவிட உயர்ந்ததாகிவிடாது.

மற்றவை, வேகமாக:

- விதான சௌதாவில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போவதானால் பள்ளியிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.
- மேற்கோள்களும் 4000-க்குள் அடக்கம். நீளமான மேற்கோள் உங்கள் வாதத்தின் இடத்தைத் தின்றுவிடும்.
- 4000-ஐத் தாண்டியதை எக்ஸாமினர் படிக்க வேண்டியதில்லை. தாண்டினால் பலியாவது முடிவுரை.
- முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள்.
- சூப்பர்வைசர் (வழிகாட்டும் ஆசிரியர்) முழு டிராஃப்டைப் படித்துக் கருத்துச் சொல்வது ஒரே முறைதான். அரைகுறையாக எழுதிய ஒன்றைக் கொடுத்து அதை வீணாக்காதீர்கள். சிவப்பு வட்டங்கள் தீர்ந்த பிறகு கொடுங்கள்.
- அந்த வட்டம் போட்ட தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். சூப்பர்வைசருடன் நடக்கும் கடைசி உரையாடலில் "உன் எண்ணம் எங்கே மாறியது?" என்று கேட்பார்கள். அதற்கான பதில் அந்தத் தாள்களில் தேதியோடு இருக்கும்.