யாரும் கணக்குப் போடமாட்டார்கள்

"வாசகர்கள் யாரும் கணக்குப் போடமாட்டார்கள்" என்று நான் சொன்னேன். "நான் போட்டேனே, தம்பி" என்றார் அவர். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார். எட்டு மாதம் ஆகிறது. நாவலின் பதினேழாம் அத்தியாயத்தைத் திறக்கும்போதெல்லாம் முதலில் காதில் விழுவது அந்த மூன்று சொற்கள்தான்.

அவர் என் கைப்பிரதிகளின் முதல் வாசகர். விண்கலங்களோடு பேசும் ஆண்டெனாக்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட மூத்தவர். ஒரு கதை நன்றாக இருக்கிறது என்றோ நன்றாக இல்லை என்றோ அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஓரத்தில் பென்சிலால் கேள்விகள் எழுதி அனுப்புவார். "இந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?" "இவள் கடைசியாக எப்போது தூங்கினாள்?" பதில் எனக்குத் தெரியாத கேள்வியாகவே பார்த்துக் கேட்பார். பதினேழாம் அத்தியாயத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: "இன்று செவ்வாய் எங்கே இருக்கிறது?"

அந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும். அதுதான் சங்கடம்.

நாவல் இதுதான். மகள் செவ்வாயில் வேலை செய்கிறாள். தாய் பூமியில். இருவரும் பேசிக்கொள்வதுதான் கதை. பேச்சு என்றால் நம் பேச்சு இல்லை. செவ்வாய் நமக்கு மிக நெருங்கி வரும்போது ஐந்தரைக் கோடி கிலோமீட்டர், மிக விலகும்போது 40 கோடி. ஒளியின் வேகத்தில் போகும் குரலுக்கே முதலாவதற்கு மூன்று நிமிடம், இரண்டாவதற்கு 22 நிமிடம். பதில் வருவதற்கு மறுபடியும் அவ்வளவு. 26 மாதத்துக்கு ஒருமுறை செவ்வாய் சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விடும். அப்போது சூரியனைச் சுற்றியுள்ள மின்னூட்டம் பெற்ற வாயு சமிக்ஞையைச் சிதைத்துவிடும் என்பதால், இன்றைக்கும் அங்குள்ள கலங்களுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் கட்டளை எதுவும் அனுப்புவதில்லை. அரைகுறையாகப் போய்ச் சேர்ந்த கட்டளை, போகாத கட்டளையைவிட ஆபத்தானது. என் கதாபாத்திரங்கள் அந்த இரண்டு வாரத்தை அஸ்தங்கம் என்பார்கள். சூரியனுக்கு அருகில் போய் ஒளி இழக்கும் கிரகத்துக்குச் சோதிடம் வைத்திருந்த சொல் அது. மூன்று நாள் வேறு சொல் தேடிக் களைத்தபின், அதைவிடப் பொருத்தமான சொல் நம் மொழியில் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். (சூரியனைச் சுற்றி ஓர் இடைநிலைச் செயற்கைக்கோளை வைத்தால் துண்டிப்பே இருக்காதே என்று அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார். மூன்றாம் அத்தியாயத்திலேயே அதைப் பழுதாக்கிவிட்டேன்.)

அஸ்தங்கம் முடிந்து ஒன்பதாம் நாள் தாய் மருத்துவமனையில். அதுதான் பதினேழாம் அத்தியாயம். நினைவு தப்பியிருந்த தாய் கண் விழிக்கிறாள். இளைய மகள் செவ்வாய்க்குச் செய்தி அனுப்புகிறாள்: அக்கா, அம்மா விழித்துவிட்டாள், பேசு. எட்டு நிமிடத்தில் அக்காவின் குரல் வருகிறது. தாய் கேட்கிறாள். பிறகு கண்ணை மூடுகிறாள்.

எட்டு நிமிடம் என்றால் போக நான்கு, வர நான்கு. அஸ்தங்கம் முடிந்து ஒன்பது நாளில் செவ்வாய் இன்னும் சூரியனுக்கு அப்பால்தான் கிடக்கும். போக 21 நிமிடம், வர 21 நிமிடம். நான்கு நிமிடத் தொலைவுக்குச் செவ்வாய் வரவேண்டுமென்றால் இன்னும் ஓர் ஆண்டு ஆகும். அந்தத் தாய்க்கு இருந்ததோ பத்து நிமிடம்.

தெரியாமல் எழுதிவிட்டேன் என்றால் மனது இவ்வளவு அரித்திருக்காது. எழுத உட்காரும் முன் தினமும் காலையில் நான் முதலில் திறப்பது ஓர் அட்டவணையை. அதற்கு 'வானம்' என்று பெயர் வைத்திருக்கிறேன். கதையின் ஒவ்வொரு தேதிக்கும் பூமி எங்கே, செவ்வாய் எங்கே, குரல் போக எத்தனை நிமிடம் என்று அதில் இருக்கும். செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் 35 விநாடி. அதனால் மகளின் கடிகாரம் தாயின் கடிகாரத்தைவிட்டு நாளுக்கு நாள் விலகி, ஏறத்தாழ 37 நாள் கழித்து மறுபடியும் பக்கத்தில் வந்து நிற்கும். தாயின் விடியல் என்றைக்கு மகளின் நள்ளிரவில் விழுகிறது என்பதற்கு ஒரு தனிப் பத்தி வைத்திருக்கிறேன். பதினேழாம் அத்தியாயத்தின் தேதிக்கு நேரே 21 என்று என் கையால் இட்ட எண் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான்கு என்று எழுதினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு நான் வைத்திருக்கும் நியாயம் இது. அந்த அத்தியாயம் எழுதப்பட்டபோது நாவலுக்கு வயது இரண்டு. நாற்பது பக்கம் அந்தத் தாயையும் மகளையும் பேசவிடாமல் வைத்திருந்தேன். இனியும் பேசவிடாமல் சாகடிப்பது கொடுமை என்று பட்டது. கதையில் எத்தனையோ சுருக்குகிறோம், நீட்டுகிறோம். யாரும் இரண்டு வாக்கியத்துக்கு நடுவே அரை நாள் தூங்குவதைக் காட்டுவதில்லை. ஒளியின் வேகம் மட்டும் ஏன் தொடக்கூடாத தெய்வமாக இருக்கவேண்டும்? இதை இப்போது எழுதும்போதும் அந்த நியாயம் முழுவதும் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் அதே நாவலின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு பத்தி இருக்கிறது. செவ்வாயின் காற்றில் ஒலிக்கு ஒரே வேகம் கிடையாது. கீச்சென்ற ஒலி, கனத்த ஒலியைவிட விநாடிக்குப் பத்து மீட்டர் வேகமாகப் போகும். பெர்சிவரன்ஸ் ஊர்தியின் ஒலிவாங்கிகள் பதிவு செய்ததை வைத்து 2022 இல் இதை வெளியிட்டார்கள். கதைக்கு அது தேவையே இல்லை. புல்லாங்குழல் மத்தளத்தை முந்திக்கொண்டு வரும் உலகம் என்று ஒரு வரி எழுதும் ஆசையில் வைத்தேன். அழகுக்கு வைத்த இடத்தில் அறிவியல் துல்லியமாக இருக்கிறது. ஓர் உயிர் போகும் இடத்தில் பொய்யாக இருக்கிறது. இதை அவர் சொல்லவில்லை. சொல்லாமல் "நான் போட்டேனே" என்றார்.

நான் கொஞ்சம் எரிச்சலோடுதான் அன்று பேசினேன். உணர்ச்சியைப் பார்க்காமல் எண்ணைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் மற்றொரு நண்பரிடம் சொல்லவும் செய்தேன். மூன்று வாரம் கழித்து அந்த நண்பர்தான் கூப்பிட்டுச் சொன்னார்: அவருடைய அம்மா தவறிவிட்டார்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து நாள் இருந்தார்களாம், உனக்குத் தெரியாதா?

எனக்குத் தெரியாது. நாட்களை எண்ணிப் பார்த்தேன். அந்தப் பத்து நாளுக்குள்தான் என் அத்தியாயம் அவர் கையில் இருந்தது.

அழைத்தேன். வழக்கமான வார்த்தைகளைச் சொல்லி முடித்தபின் அவரே பேச்சை எடுத்தார். வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது படித்தாராம். "உங்கள் தப்பைப் பிடிக்க வேண்டும் என்று நான் உட்காரவில்லை, தம்பி. அந்தப் பெண்ணின் குரல் போய்ச் சேர்ந்துவிட்டதைப் படித்ததும் எனக்கு நன்றாக இருந்தது. உண்மையிலேயே சேருமா என்று பார்த்தேன். சேருகிற மாதிரி ஏதாவது வழி இருக்கும் என்று மூன்று தடவை போட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை, அவருக்கு அந்த நேரத்தில் என் நாவல் ஒரு பொருட்டாக இல்லை. அம்மாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தார். நினைவில்லாவிட்டாலும் காது கேட்கக்கூடும் என்று மருத்துவர் சொன்னாராம். அதனால் உள்ளே விடும் நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருந்தாராம். எதைப் பேசுவது என்று தெரியவில்லை. பெரிய விஷயமெல்லாம் முதல் நாளிலேயே தீர்ந்துவிட்டது. பிறகு வீட்டுக் கதைதான். மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதவை மாட்டிக்கொண்டு தண்ணீர் வழிந்ததை, அதைக் கழற்றியதை, திருகு கைதவறி உள்ளே விழுந்ததை. "ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்தார்கள். அப்போது நான் மிதவையைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்" என்றார்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதற்கடுத்த நொடி. அவர் அப்படிச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது, அது உண்மை. அதே நொடியில் மகளை ஒலிவாங்கியின் முன் உட்கார வைத்துவிட்டேன், அதுவும் உண்மை. தாய் விழித்த செய்தி வரட்டும் என்று அவள் ஏன் காத்திருக்க வேண்டும்? 42 நிமிடம் என்பது கேட்டுவிட்டுப் பதில் சொல்பவளுக்குத்தான். கேட்காமலே பேசிக்கொண்டிருப்பவளின் குரல், 21 நிமிடம் பழையதாக இருந்தாலும், அறையில் வந்துகொண்டே இருக்கும். தாய் எந்த நொடியில் கண் திறந்தாலும் அந்த நொடியில் ஒரு சொல் அங்கே இருக்கும். எந்தச் சொல் என்பது மட்டும் மகளுக்குத் தெரியாது. பேசும்போது கேட்க ஆள் உண்டா என்பதும் தெரியாது. கணக்குக்கும் ஒரு பழுது இல்லை.

இதெல்லாம் அவர் தொலைபேசியில் இருக்கும்போதே என் தலைக்குள் ஓடியது. அவர் அதன்பின் சொன்ன இரண்டு மூன்று விஷயங்கள் இன்றைக்கு எனக்கு நினைவில்லை. அன்று இரவே எழுதினேன். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மகள் தண்ணீர் வடிகட்டியின் ஒரு மரையாணியைப் பற்றிச் சொல்கிறாள். இடது கையால் திருகினால் மட்டும் இறங்குகிறது என்கிறாள். அந்த வாக்கியத்தின் நடுவில் தாய் கண் விழிக்கிறாள். இந்த நாவலில் நான் எழுதிய பக்கங்களில் சிறந்தது அதுதான். அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை, அது என் பக்கமா என்பதில்தான் தயக்கம்.

எழுதுகிறவன் எங்கிருந்தோ எடுத்துத்தானே ஆகவேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். என் அப்பாவின் இருமல், பக்கத்து வீட்டுப் பெண் கதவைச் சாத்தும் விதம் எல்லாம் என் விண்கலங்களுக்குள் இருக்கின்றன; அதற்கெல்லாம் நான் யாரிடமும் கேட்டதில்லை. அப்படியானால் இது மட்டும் ஏன் உறுத்துகிறது? அவரைக் கேட்டால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பார், அவர் சுபாவம் அப்படி. மறுக்கமாட்டார் என்று தெரிந்து கேட்பது கேட்பதாகுமா? மரையாணியை மாற்றிப் பார்த்தேன். மகள் செடிகளைப் பற்றிப் பேசட்டும் என்று ஒரு முறை, தன் சிறு வயதைப் பற்றிப் பேசட்டும் என்று ஒரு முறை எழுதினேன். சிறு வயதைப் பேசினால் அது வசனமாகிவிடுகிறது. செடி என்றதும் ஏதோ குறியீடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. திருகும் மரையாணிதான் மூச்சு விடுகிறது. குரல் வந்தே சேராத இன்னொரு வடிவமும் எழுதினேன். அது நேர்மையானது, கணக்கும் சரி, முழுக்க என்னுடையது, அதில் உயிரில்லை.

பதிப்பாசிரியர் முதல் வடிவத்தைத்தான் படித்திருக்கிறார். எட்டு நிமிடத்தில் குரல் வந்துவிடும் அந்த வடிவம் அவருக்குப் பிடித்திருக்கிறது. எதையும் மாற்றவேண்டாம், முடித்துக்கொடுங்கள் என்கிறார். அவரும் கணக்குப் போடவில்லை.

நாவல் நகராத நாட்களில் டைட்டன் கதையை எடுத்துக்கொள்கிறேன். சனியின் அந்த நிலவில் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஏழில் ஒரு பங்கு. காற்றோ நம் காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல் அடர்த்தி. குளிர் மைனஸ் 179 டிகிரி. அதற்கு ஓர் உடையைக் கொடுத்துவிட்டால், கைகளில் இறக்கையைக் கட்டிக்கொண்டு மனிதர் பறக்கலாம். அங்கே இரண்டு சிறுவர்கள் மீத்தேன் ஏரியின் மேல் போட்டி போட்டுப் பறக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் ஓடிவிடுகிறது. இயற்கை தானாகக் கொடுத்ததை வாங்கி எழுதுகிறேன்; அந்த மேசையில் எனக்கு உறுத்தல் இல்லை.

அவரைப் பற்றி இங்கே எழுதியதிலும் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். தொட்டியும் மிதவையும் அவர் சொன்னவை அல்ல. அவர் சொன்னது வேறொன்று. நாவலில் மாற்ற முடியாததை இங்கே எப்படி இவ்வளவு எளிதாக மாற்ற முடிந்தது என்று இந்தப் பத்தியை எழுதும்போதுதான் கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் அவரே அழைத்தார். முழங்கால் வலி, ஒரு புத்தகம் என்று ஏதேதோ பேசியபின், "பதினேழாம் அத்தியாயம் என்ன ஆயிற்று?" என்று கேட்டார்.

"கணக்கைச் சரிசெய்துவிட்டேன்" என்றேன்.

சிறிது நேரம் அவர் பேசவில்லை. "சேருகிறதா?" என்றார்.

"சேருகிறது."

"அப்படியென்றால் அனுப்புங்கள் தம்பி, பார்க்கிறேன்."

அன்றைக்கே அச்செடுத்துவிட்டேன். பன்னிரண்டு தாள். அவருடைய பென்சிலுக்காக ஓரத்தில் வழக்கத்தைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக விட்டிருக்கிறேன். உறையில் முகவரியும் எழுதியாயிற்று. இன்னும் ஒட்டவில்லை.